தனி அறையில்தானே பிடிக்கிறார்கள்?

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தளம் முழுக்க ஏ.சி., ஜன்னலைத் திறக்க வழியில்லை. புகைபிடிப்பவர்களுக்கென்று ஒரு கண்ணாடி அறை ஒதுக்கியிருக்கிறார்கள். அதன் கதவு என் இருக்கையிலிருந்து நாலு எட்டில் இருக்கிறது. கதவு திறக்கும்போதெல்லாம் வாடை அடிக்கிறது. வேலை நாட்களில் தொண்டை கரகரப்பு, வறட்டு இருமல், கண் எரிச்சல். விடுமுறை நாட்களில் தானாகக் குறைந்துவிடுகிறது. நிர்வாகத்திடம் சொன்னால், "எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டிருக்கிறோம், ஏர் ப்யூரிஃபையரும் வாங்கி வைத்தாயிற்று, இதற்கு மேல் என்ன செய்வது? புகைப்பது அவரவர் சுதந்திரம்" என்கிறார்கள். அந்த அறைக்கு அதிகம் போய்வருபவர் எங்கள் பிரிவின் மூத்தவர். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், அண்ணன் மாதிரி. அவர் மனம் நோகாமல் இதை எப்படிப் பேசுவது? புகைபிடிக்காத எனக்கு உண்மையிலேயே கெடுதல் உண்டா, இல்லை வாடை பிடிக்காததால் நான்தான் பெரிதுபடுத்துகிறேனா? இப்போது நான்கு மாதக் கர்ப்பிணியாக இருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியில் எழுதியதை நீங்கள் முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். அதிலிருந்தே தொடங்குகிறேன். நிர்வாகம் யோசித்து முடிவெடுக்கும்வரை நீங்கள் அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. நாளைக்கே இடமாற்றம் கேளுங்கள். வேறு தளமோ, அந்த அறையின் காற்று வராத மூலையோ, வீட்டிலிருந்து வேலையோ, எது கிடைத்தாலும் சரி. உங்கள் மகப்பேறு மருத்துவரிடமும் இதைச் சொல்லி, புகை இல்லாத இடத்தில் வேலை தரும்படி ஒரு சான்று வாங்கிக்கொள்ளுங்கள். பிறர் விடும் புகையைக் கர்ப்ப காலத்தில் சுவாசிக்கும் தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளின் எடை சற்றுக் குறைகிறது என்பது நன்றாக உறுதியான விஷயம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிக்கோட்டின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைவரை போகிறது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. குழந்தை எடை போடுவதில் பெரும்பகுதி இனி வரும் மாதங்களில்தான். இப்போது விலகினால் நல்ல பலன் உண்டு.

நீங்கள் எதையும் பெரிதுபடுத்தவில்லை. வேலைநாளில் வருகிறது, விடுமுறையில் குறைகிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். தொழில்சார் நுரையீரல் நோய்களைப் பார்க்கும் என் போன்ற மருத்துவர்கள் நோயாளியிடம் முதலில் கேட்பதே அந்தக் கேள்வியைத்தான். காரணம் வேலையிடத்தில் இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான தடயம் கிடைப்பது அரிது. ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் தேதி, இருமல், கண் எரிச்சல், மூச்சிரைப்பு, அன்று எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்பதை மட்டும் குறித்து வாருங்கள். இரவில் இருமி எழுந்தாலோ, மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்டாலோ தள்ளிப்போடாமல் ஸ்பைரோமெட்ரி செய்துபாருங்கள். ஊதிப் பார்க்கும் பரிசோதனைதான், கர்ப்பிணிகளும் செய்துகொள்ளலாம். மறைந்திருக்கும் ஆஸ்துமாவைப் புகை கிளப்பிவிடுவது உண்டு.

இனி அந்தக் கண்ணாடி அறைக்கு வருவோம்.

புகை என்றதும் புகைப்பவர் இழுத்து ஊதுவதைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அறையில் சேரும் புகையில் பெரும்பங்கு அதுவல்ல. இரண்டு இழுப்புகளுக்கு நடுவே விரலிடுக்கில் சும்மா கனன்றுகொண்டிருக்கிறதே சிகரெட் நுனி, அதிலிருந்து வருவதுதான். இழுக்கும்போது நுனி நன்றாகச் சூடாகி எரியும். கனலும்போது சூடு குறைவு, எரிதல் அரைகுறை. அதனால் கார்பன் மோனாக்சைடும் அமோனியாவும் சில புற்றுநோய்க் காரணிகளும் அந்தப் புகையில் கூடுதலாகவே இருக்கின்றன. இழுப்பவருக்கு ஃபில்டர் உண்டு, பக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் உள்ளன. அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பிறர் விடும் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதும் அதே பிரிவில்தான்.

புகையிலுள்ள துகள்கள் ஒரு மைக்ரானைவிட, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட, சிறியவை. தூசுபோலக் கீழே படியாமல் மணிக்கணக்கில் மிதக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினாலும் கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும், வெளியே வருகிறவரின் உடலோடு சேர்ந்து ஒரு வீச்சுக் காற்றும் உங்கள் பக்கம் வந்துவிடும். கடைசி இழுப்பை இழுத்துவிட்டு நேரே வெளியே வருபவரின் மூச்சிலும் சில நொடிகளுக்குப் புகை இருக்கும். ஏ.சி. இதற்கு உதவாது. சுவரில் மாட்டும் ஏ.சி. அறையிலுள்ள காற்றையேதான் இழுத்துக் குளிராக்கித் திரும்ப விடுகிறது. கூரைக் குழாய் வழியே வரும் பொது ஏ.சி. என்றால், ஓர் அறையிலிருந்து திரும்பும் காற்று மற்ற அறைகளுக்கும் போகக்கூடும். உங்கள் தலைக்கு மேலே காற்று வரும் கிரில்லை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப்பாருங்கள். பழுப்பு மஞ்சளாக, பிசுபிசுப்பாக ஒட்டினால் அந்தக் குழாயில் என்ன பயணம் செய்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஏர் ப்யூரிஃபையர் துகள்களில் ஒரு பகுதியைப் பிடிக்கும். கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்கள் அதில் சிக்காது. வாடை குறைவதால் ஆபத்தும் போய்விட்டதாக நம்ப வைக்கிறது என்பதால் எனக்கு அந்தக் கருவிமேல் கொஞ்சம் கோபமே உண்டு. முகக்கவசம் போட்டுக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். துணிக் கவசத்தால் பயனில்லை. என்-95 துகளைத் தடுத்தாலும் வாயுவை விடும். அதைவிட முக்கியம், எட்டு மணி நேரம் கவசம் கட்டிக்கொள்ள வேண்டிய நிலைக்கு உங்களை ஏன் தள்ள வேண்டும்?

இது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. கட்டடங்களின் காற்றோட்ட அளவுகளை வகுக்கும் ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 2005-லேயே சொல்லிவிட்டது: புகையால் வரும் உடல்நல ஆபத்தைக் கட்டடத்துக்குள் நீக்க ஒரே வழி, உள்ளே புகைக்க விடாமல் இருப்பது. அவர்கள் காற்றோட்டக் கருவிகளை வடிவமைக்கும் துறையினர். கருவியால் முடியாது என்று அவர்களே சொல்கிறார்கள். அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006 அறிக்கையும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை, காற்றோட்டத்தால் புகையை முழுதாக அகற்ற முடியாது என்றே முடித்தது. வீட்டிலோ வேலையிலோ பிறர் புகையில் வாழும் புகைக்காதவருக்கு இதய நோய் ஆபத்து 25 முதல் 30 சதவீதமும், நுரையீரல் புற்றுநோய் ஆபத்து 20 முதல் 30 சதவீதமும் கூடுகிறது என்பது அதே அறிக்கையின் கணக்கு.

இதயம் என்றதும் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை. "நான் என்ன, நாளுக்கு ஒரு பாக்கெட்டா பிடிக்கிறேன்?" என்கிறார்கள். ரத்தக் குழாயின் உள்சுவர் புகைக்குச் சட்டென்று சுணங்கிவிடும், ரத்தத் தட்டணுக்களும் ஒட்டும் தன்மை பெறும். அதற்குப் பெரிய அளவு தேவையில்லை. ஆரோக்கியமான, புகைக்காத இளைஞர்களை அரை மணி நேரம் மட்டும் புகை உள்ள அறையில் உட்கார வைத்துப் பார்த்த ஜப்பானிய ஆய்வில், அவர்களுடைய இதயக் குழாய்களின் ரத்த ஓட்டத் திறன் குறைந்தது தெரிந்தது. 2001-இல் வெளிவந்த ஆய்வு அது.

மறுபக்கம், புகையை நிறுத்தினால் பலன் தெரியவும் அதிக நாள் ஆவதில்லை. ஸ்காட்லாந்து 2006 மார்ச் 26 முதல் மூடிய பொது இடங்களிலும் வேலையிடங்களிலும் புகைப்பதைத் தடைசெய்தது. அங்கே மதுக்கூட ஊழியர்களைத் தடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். இருமல், மூச்சிரைப்பு, கண் எரிச்சல் போன்ற தொல்லை இருந்தவர்கள் முன்பு 79 சதவீதம். ஒரே மாதத்தில் 53, இரண்டு மாதத்தில் 47. நுரையீரல் திறனும் கூடியது. ஒன்பது மருத்துவமனைகளில், மாரடைப்பு வகை இதயக் கோளாறுகளுக்காகச் சேர்ந்தவர்கள் தடைக்குப் பிந்தைய பத்து மாதங்களில் 17 சதவீதம் குறைந்தார்கள். ஒருபோதும் புகைக்காதவர்களிடம் அந்தக் குறைவு 21 சதவீதம். எல்லா இடத்திலும் இவ்வளவு பெரிய இறக்கம் கிடைத்துவிடவில்லை. இங்கிலாந்தில் 2007 தடைக்குப் பின், மாரடைப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் தடையால் குறைந்ததாகக் கணக்கிட்டது 2.4 சதவீதம்தான். நாட்டில் ஏற்கெனவே எவ்வளவு இடம் புகையற்றதாக இருந்தது என்பதைப் பொறுத்தும் கணக்கிடும் முறையைப் பொறுத்தும் எண் மாறும். திசை மாறவில்லை.

"அவரவர் சுதந்திரம்" என்ற வாதத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். சட்டபூர்வமாக விற்கும் ஒரு பொருளை ஒரு வளர்ந்த மனிதர் வாங்குகிறார், அது அவர் முடிவு. தடைச் சட்டங்களும் அந்த முடிவில் கை வைப்பதில்லை. எங்கே பிடிக்கலாம் என்பதை மட்டுமே சொல்கின்றன. உங்கள் மூத்தவர் பத்து நிமிடம் வெளியே போய்வரலாம். உங்களால் மூச்சு விடுவதைப் பத்து நிமிடம் தள்ளிப்போட முடியாது.

இந்தச் சட்டங்களின் வேர் வாடிக்கையாளரின் வசதியில் இல்லை, தொழிலாளியின் நுரையீரலில் இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகரில் ஹெதர் க்ரோ என்ற பெண்மணி சுமார் 40 ஆண்டுகள் உணவகங்களில் பரிமாறுபவராக இருந்தார். ஒருநாளும் புகைத்ததில்லை. 2002-இல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. வேலையிடப் புகையால் வந்த நோய் என்று ஏற்று, தொழிலாளர் இழப்பீட்டு வாரியம் அவருக்கு இழப்பீடு கொடுத்தது. அதன்பிறகு அவர் வீட்டில் முடங்கவில்லை. தன் நோய் இன்னொரு பரிமாறும் பெண்ணுக்கு வரக் கூடாது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 2006-இல் இறந்தார். விமானப் பணிப்பெண்களின் கதையும் இதுவே. பின்வரிசைகளை மட்டும் புகைப்பவர்களுக்கு ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. பயணி முன்வரிசையில் இடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், தட்டு ஏந்திப் போகிற பெண் எங்கே போவாள்? அமெரிக்காவில் அவர்கள் சிகரெட் நிறுவனங்கள்மீது வழக்குப் போட்டு, 1997-இல் 30 கோடி டாலர் ஆராய்ச்சி நிதிக்குச் சமரசம் கண்டார்கள்.

உங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அந்தக் கண்ணாடி அறைக்குள் போய்ச் சாம்பல் கிண்ணத்தைக் கொட்டி, கண்ணாடியைத் துடைத்து, தரையைப் பெருக்குவது யார்? அவர் எனக்குக் கடிதம் எழுத மாட்டார், நிர்வாகத்திடமும் போக மாட்டார். ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தால் வாயே திறக்க மாட்டார். நாலு எட்டு தள்ளி உட்காரும் உங்களுக்கே இந்த இருமல் என்றால், அந்த அறைதான் அவருடைய வேலையிடம். பேசும்போது அவரையும் சேர்த்துப் பேசுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை: புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக சுகாதார நிறுவன உடன்படிக்கையில் 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்துள்ளன. அதன் 8-ஆம் பிரிவு, மூடிய வேலையிடங்களில் மக்களைப் புகையிலிருந்து காக்க அரசுகளைக் கட்டாயப்படுத்துகிறது. 2007-இல் வந்த வழிகாட்டி நெறிகள், தனி அறையும் காற்றோட்டமும் போதாது என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. நாடு முழுவதும் வேலையிடங்களில் முதலில் தடை கொண்டுவந்தது அயர்லாந்து, 2004 மார்ச் 29-இல். மதுக்கூடங்கள் எல்லாம் மூடிவிடும், யாரும் கேட்க மாட்டார்கள் என்று அப்போது பலத்த எதிர்ப்பு. மக்கள் பெருவாரியாகக் கீழ்ப்படிந்தார்கள். சில நாடுகளின் சட்டம் இன்னமும் குறிப்பிட்ட இடங்களில் புகை அறைக்கு இடம் கொடுக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் அலுவலகத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைத் தொழிலாளர் துறையிலோ சுகாதாரத் துறையிலோ கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். புகை அறையைச் சட்டம் அனுமதித்தாலும் நிறுவனம் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை.

உங்கள் அண்ணனைப் பற்றி. அவரிடம் நீங்களே பேசுங்கள், அதுவும் நிர்வாகத்துக்குக் கடிதம் போவதற்கு முன்னால். வேறொருவர் வழியாகத் தெரிந்தால்தான் மனம் நோகும். சிகரெட்டை விடச் சொல்லாதீர்கள், அறிவுரை வேண்டாம், நாற்றம் என்ற சொல் வேண்டவே வேண்டாம். "அண்ணா, நான் கர்ப்பமா இருக்கேன். அந்த ரூம் கதவு திறந்தா இருமல் வந்துடுது. டாக்டர் புகையே படக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். ரூமை மூடிட்டு வெளியில இடம் பார்க்கச் சொல்லி ஆபீஸ்ல கேட்கப் போறேன். உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு தோணுச்சு." இவ்வளவு போதும். உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், கர்ப்பமாக இருக்கும் தங்கை நேரில் வந்து சொன்னதற்குக் கோபித்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. புகைப்பவர்களில் பலர் தங்கள் வீட்டுக் குழந்தை எதிரில் பற்றவைப்பதில்லை. அவரும் அப்படிப்பட்டவராக இருக்கலாம்.

அவர் பக்கத்துச் சிரமத்தையும் நாம் மதிக்க வேண்டும். நிக்கோட்டின் ரத்தத்தில் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறையும். அதனால்தான் அவருக்கு வேலை நடுவே கை பரபரக்கிறது. அது திமிரும் இல்லை, அலட்சியமும் இல்லை, அடிமைத்தனம் என்ற நோய். ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடங்களில் தணியக்கூடியது, நிக்கோட்டின் சூயிங்கமோ தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையோ அதைத் தாண்ட உதவும். வேலையிடம் முழுக்கப் புகையற்றதாக மாறும்போது அங்கே தொடர்ந்து புகைப்பவர்கள்கூட நாளுக்குச் சராசரியாக மூன்று சிகரெட் குறைக்கிறார்கள், சிலர் அடியோடு விட்டுவிடுகிறார்கள் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. தடையால் உங்களைவிட அவருக்குக் கிடைக்கும் ஆயுள் அதிகமாக இருக்கக்கூடும். அதை நீங்கள் சொல்ல வேண்டாம், அவர் கேட்டால் அவருடைய மருத்துவர் சொல்லட்டும்.

நிர்வாகத்திடம் வாய்ப்பேச்சு இனி போதாது, எழுத்தில் கொடுங்கள். மின்னஞ்சலாக இருந்தால் தேதியோடு பதிவாகும். முடிந்தால் இன்னும் நாலைந்து பேர் கையெழுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், புகைப்பவர் ஒருவரும் அதில் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு மாதிரி தருகிறேன், உங்கள் நடையில் மாற்றிக்கொள்ளலாம்:

"ஐயா, எங்கள் தளத்திலுள்ள புகை அறையிலிருந்து புகை பணியிடத்துக்குள் வருகிறது. இதனால் எனக்கும் சிலருக்கும் இருமலும் கண் எரிச்சலும் தொடர்ந்து உள்ளன. நான் கர்ப்பமாக இருக்கிறேன், மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். காற்றோட்டக் கருவிகளால் இந்தப் புகையை முழுமையாக அகற்ற முடியாது என்பது துறை வல்லுநர்களின் முடிவு. ஆகவே அந்த அறையை மூடி, கட்டடம் முழுவதையும் புகையற்ற இடமாக அறிவிக்கவும், நுழைவாயில், ஜன்னல், ஏ.சி. காற்று உள்ளே வரும் இடம் ஆகியவற்றிலிருந்து தள்ளி வெளியே ஓர் இடம் ஒதுக்கவும் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை எனக்கு வேறு இருக்கை தருமாறும், புகைப்பழக்கத்திலிருந்து விடுபட விரும்பும் ஊழியர்களுக்கு நிறுவனம் உதவுமாறும் வேண்டுகிறேன்."

இ-சிகரெட்டையும் அதில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். அதன் ஆவியிலும் நிக்கோட்டினும் நுண்துகளும் உண்டு. சொல்லாமல் விட்டால், மூடிய அறை மறுபடி அதற்காகத் திறக்கும். அறையை மூடிய பிறகு, அங்கே திரைச்சீலையோ தரைவிரிப்போ இருந்தால் அப்புறப்படுத்தி, சுவரைக் கழுவி, ஏ.சி. ஃபில்டரை மாற்றச் சொல்லுங்கள். படிந்த புகை வாரக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். அந்த வேலையை நீங்கள் செய்யவோ பக்கத்தில் நிற்கவோ வேண்டாம்.

இரண்டு வாரம் பாருங்கள். பதில் வராவிட்டால் அதே கடிதத்தின் நகலோடு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், உங்கள் நோட்டுப் புத்தகக் குறிப்புகள், மருத்துவச் சான்று, இரண்டு மின்னஞ்சல்கள் ஆகியவற்றைச் சேர்த்துத் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். கேட்டதற்காக உங்கள் வேலையிலோ பேறுகால விடுப்பிலோ கை வைத்தால் அது தனிக் குற்றச்சாட்டு, அதைத் தொழிற்சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ உடனே கொண்டுபோங்கள். இருக்கை மாற்றத்துக்கு மட்டும் இந்த இரண்டு வாரம் பொருந்தாது. அதை நாளைக் காலையிலேயே கேளுங்கள்.